1:6 அளவு விஜயந்தா: பெரிய ரிமோட் டாங்கியின் மின்னணுப் பகுதியைப் புதுப்பிக்கும் முறை

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா டாங்கியின் 1:6 அளவு மாதிரி ஒன்று சென்னை தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் இருக்கிறது. அசல் டாங்கியின் அகலம் ஏறத்தாழ 3.2 மீட்டர், மாதிரியின் அகலம் அரை மீட்டருக்குச் சற்று மேல். அலுமினியத் தகடும் உலோகச் சங்கிலிப் பட்டைகளும் சேர்ந்து, இருவர் பிடித்தால்தான் தூக்க முடியும் என்ற எடை. இதை இயக்கிவந்த 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டையும் ரிலே பலகையையும் நீக்கிவிட்டு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் நவீன மோட்டார் டிரைவரும் (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் பலகை) பொருத்திய முறையை இங்கே எழுதுகிறேன். ரிலே பலகையில் முழு வேகம் அல்லது நிறுத்தம் என்ற இரண்டே நிலைகள்தான் உண்டு. இவ்வளவு கனமான வண்டியில் அது கியர் பற்களைத் தின்றுவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தியாவில் 2005 முதல் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

வாங்க வேண்டியவை

பெரும்பாலான பொருள்கள் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். இரண்டு கருவிகளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, 60 வாட் சால்டரிங் அயர்ன். 25 வாட் அயர்ன் தடித்த வயரைச் சூடாக்குவதற்குள் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகிவிடும். மற்றொன்று, நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும் என்பதால், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எக்ஸ்டி60, எக்ஸ்டி90 கனெக்டர்களில் ஈயம் வைக்கும்போது, அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டே செய்யுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் சாயாமல் நேராக நிற்கும்.

மோட்டாரிலிருந்து தொடங்குங்கள்

பழைய பலகையைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பிரஷ் உள்ள மோட்டார்கள் எழுப்பும் மின்னிரைச்சலை மோட்டாரிலேயே அடக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மூன்று தேவை. அதன் மேல் 104 என்று அச்சிட்டிருக்கும். ஒன்று இரண்டு முனைகளுக்கும் இடையில், மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு. உடலில் ஈயம் ஒட்ட வேண்டுமானால், அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, மேற்பூச்சு போய் உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே வைக்க வேண்டும்.

டிரைவரும் மின்வழியும்

இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே டிரைவர் என்பதுதான் என் தேர்வு. தனித்தனி ஸ்பீடு கன்ட்ரோலர்கள் இரண்டு வைத்தால் அவற்றின் நடுநிலை ஒத்துப்போகாமல், நேராக விட்ட டாங்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான் பயன்படுத்துவது சேபர்டூத் 2x32; ஒரு மோட்டாருக்குத் தொடர்ச்சியாக 32 ஆம்பியர் தரும். எட்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் இயல்பு அழுத்தம் 25.6 வோல்ட், முழு சார்ஜில் 29.2 வோல்ட். இந்த டிரைவரின் 33.6 வோல்ட் வரம்புக்குள் அது அடங்கும்.

டாங்கி நேராகப் போகும்போது ஆகும் மின்னோட்டத்தை வைத்து டிரைவர் வாங்கினால் போதாது. நின்ற இடத்திலேயே திரும்பும்போது பட்டைகள் தரையில் பக்கவாட்டில் உராய்வதால் தேவை பல மடங்காகும். சொரசொரப்பான மொட்டை மாடியில், நேராகப் போகையில் 6 ஆம்பியர் காட்டிய என் மோட்டார், திரும்புகையில் 20-ஐத் தாண்டியது. அந்தப் பெரிய எண்ணுக்குத்தான் வயரும் ஃபியூஸும் வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் நேர்முனையில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் முதன்மை ஃபியூஸும், அதையடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் வையுங்கள்.

மேசையில் சோதிக்கும்போது பேட்டரிக்குப் பதிலாக எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி) பயன்படுத்த வேண்டாம். இவ்வகை டிரைவர்கள் வேகம் குறைக்கும்போதும் திசை மாற்றும்போதும் மின்சாரத்தைத் திரும்ப அனுப்பும்; அதை ஏற்றுக்கொள்ளப் பேட்டரி ஒன்று எதிரில் இருக்க வேண்டும்.

ரிசீவருக்கு 5 வோல்ட்

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், சிறு அசைவுகளுக்கான சர்வோ மோட்டார்களுக்கும் 3 ஆம்பியர் தரும் தனி பெக் (BEC; பேட்டரி அழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகை) ஒன்றை வைப்பதே நல்லது. டிரைவரிலும் 5 வோல்ட் வெளியீடு இருக்கும். இரண்டும் ரிசீவரில் சந்திக்கக் கூடாது. டிரைவரிலிருந்து வரும் பிளக்கில், சிவப்பு வயரின் மேலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெதுவாக நெம்பினால் வயர் முழுதாக வெளியே வந்துவிடும். அதை டேப் சுற்றி மடித்து வைத்துவிடுங்கள். கறுப்பு வயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தரை இணைப்பு பொதுவாக இல்லாவிட்டால் சிக்னல் போய்ச் சேராது.

மிக்சிங்: அதிக நேரம் பிடித்த இடம்

ரிமோட் ஸ்டிக்கின் ஓர் அசைவு முன்னும் பின்னும், மற்றொன்று இடமும் வலமும். ஆனால் டாங்கிக்கோ இடப் பட்டை, வலப் பட்டை என்ற இரண்டுதான் தெரியும். ஆகவே முன்செலுத்தலோடு திருப்பலைக் கூட்டி ஒரு பட்டைக்கும், கழித்து மற்றொரு பட்டைக்கும் அனுப்ப வேண்டும். இதுதான் மிக்சிங். ரிமோட்டாலும் இதைச் செய்ய முடியும், டிரைவராலும் செய்ய முடியும். இரண்டும் ஒருசேரச் செய்தால் விளைவு விசித்திரமாக இருக்கும்: ஓர் அசைவுக்கு இடப் பட்டை மட்டும் ஓடும், மற்ற அசைவுக்கு வலப் பட்டை மட்டும் ஓடும். பார்ப்பவர்கள் வயர் மாறிவிட்டது என்றோ டிரைவர் பழுது என்றோ நினைத்து எல்லாவற்றையும் கழற்றத் தொடங்குவார்கள்.

காரணம் எளிய கணக்கு. ரிமோட் முதலில் (முன் + திருப்பம்), (முன் − திருப்பம்) என இரண்டு சிக்னல்களை அனுப்புகிறது. டிரைவர் அவற்றை மறுபடியும் கூட்டும்போது திருப்பம் அடிபட்டு முன்செலுத்தல் மட்டும் மிஞ்சுகிறது; கழிக்கும்போது முன்செலுத்தல் அடிபட்டுத் திருப்பம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே இந்த அறிகுறியைக் கண்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ரிமோட்டின் பட்டியலில் எலிவான், வி-டெயில் போன்ற, விமானங்களுக்கான மிக்சிங் அனைத்தையும் நிறுத்துங்கள். மிக்சிங்கை டிரைவரிடமே விடுவது என் விருப்பம், ஏனெனில் ரிமோட்டை மாற்றினாலும் டாங்கியின் நடத்தை மாறாது.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்றவை விமானத்துக்காகச் செய்த ரிமோட்டுகள். அவற்றில் பரவலாக விற்கும் மோடு 2 வகையில் இடது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு தானாக நடுவுக்குத் திரும்பாது. வலது ஸ்டிக்கின் இரண்டு அசைவுகளும் ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும்; டாங்கியை அதில் ஓட்டுங்கள்.

ஃபெயில்சேஃப்

சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நிற்கும் ஏற்பாடுதான் ஃபெயில்சேஃப். தரையில் இறக்குவதற்கு முன் இதை முடித்தே ஆக வேண்டும். தெருவில் பிள்ளைகள் விளையாடும் பகுதியில், சிக்னல் போன பிறகும் இத்தனை கனமான வண்டி ஓடிக்கொண்டிருப்பது விபத்து. ரிமோட்டின் ஃபெயில்சேஃப் அமைப்பில், டாங்கியை ஓட்டும் இரண்டு சேனல்களையும் நடுநிலையில் பதியுங்கள். பிறகு அடிக்கூட்டை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, பட்டைகள் பாதி வேகத்தில் சுற்றும்போதே ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு நொடிக்குள் இரண்டு பட்டைகளும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எப்போதும் ரிமோட்டை முதலில் போட்டு டாங்கியைப் பிறகு போடுங்கள். அணைக்கும்போது டாங்கிதான் முதலில்.

டரட் (பீரங்கி உள்ள மேல்கூடு) வயர் முறுக்காமல் சுழல்வதற்கு, சுழலும் மின் இணைப்பான ஸ்லிப் ரிங் ஒன்று போதும். ஒலிப் பலகையை ஓட்டம் சீரான பிறகு சேர்க்கலாம்.

காசிமேட்டுக் கடற்காற்று எட்டும் வீடுகளில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்துவிடும். பிளக்குகளைச் செருகும் முன் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை ஊசி முனையளவு தடவுங்கள்.

பின்னர் சேர்த்தது

புதுப்பேட்டையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார்களை வைத்தவர்கள் சிலர், சுவிட்ச் போட்டு ஸ்டிக்கைத் தொட்டவுடன் ஃபியூஸ் போகிறது என்று கேட்டிருந்தார்கள். பல வைப்பர் மோட்டார்களில் ஒரு முனை உலோக உடலோடு சேர்ந்தே இருக்கும். காரில் அதுதான் தரை இணைப்பு. அப்படிப்பட்ட இரண்டை ஒரே உலோக அடிக்கூட்டில் பொருத்தினால், டிரைவரின் இரு வெளியீடுகளும் கூட்டின் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு முனையையும் மோட்டார் உடலோடு தொட்டுப் பாருங்கள். ஒலித்தால், அந்த இணைப்பை உள்ளே துண்டித்துத் தனி வயராக வெளியே எடுக்க வேண்டும். திறந்து வேலை செய்யத் தயக்கம் இருந்தால், நைலான் புஷ்ஷும் ஃபைபர் தகடும் கொடுத்து மோட்டாரைக் கூட்டிலிருந்து முழுவதும் பிரித்துப் பொருத்துங்கள். கியர் தண்டின் வழியாகவும் தொடர்பு இல்லை என்பதை மறுபடியும் மீட்டரால் பார்த்துவிட்டு ஃபியூஸைப் போடுங்கள். அந்த மோட்டார்களில் உடலுக்குச் செல்லும் கெபாசிட்டர் இரண்டில், உடலோடு சேர்ந்திருக்கும் முனைக்கு உரியது தேவையில்லை.