ஞாயிறு சந்தையில் பழைய வீடியோ கேம் தேடுவது எப்படி?

மதுரைத் திலகர் திடல் ஞாயிறு சந்தையில் பழைய வீடியோ கேம்களைத் தேடுபவர், வெயில் ஏறுமுன் சென்று, ரிமோட்டுகளும் சார்ஜர்களும் குவிந்து கிடக்கும் சாக்கு விரிப்புகளை முதலில் கிளற வேண்டும். கேம் கேசட்டின் அடியில் உள்ள உலோகத் தொடுமுனைகளான பின்கள் ஒரு பக்கத்தில் 30, இரு பக்கமும் சேர்த்து 60 இருந்தால், அது 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கான வகை. 72 இருந்தால், அதே கருவியின் வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ். வகை. லட்சக்கணக்கான விளையாட்டுகள் ஒன்றிலேயே இருப்பதாக அட்டை பெருமையடித்தால், அது நகலேதான். விளையாடலாம், அரும்பொருளென்று விலை கொடுக்கலாகாது. விற்பவர் சம்மதித்தால் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள்: சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு அப்பியிருந்தால், பெரும்பாலும் மலிவான நகல். முதல் பிளேஸ்டேஷனின் அசல் வட்டுக்கோ அடிப்பக்கமே கறுப்பு. வெள்ளியாக மின்னுவதை அங்கேயே வைத்துவிடலாம். பின்களில் படிந்த அழுக்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குப் போய்விடும்; அரித்துப்போன பின்னுக்கு மருந்தில்லை. கேசட்டை மட்டும் கேட்காமல், வேறு சில்லறைச் சாமான்களோடு சேர்த்து மொத்தமாகப் பேசினால் விலை படியும்.