நியூட்ரான் விண்மீனின் முதுகுப்பக்கம்: பானையில் வரைந்து பார்க்க

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்த்தியான உருண்டைதான் நியூட்ரான் விண்மீன். அதற்கு மாதிரியாகப் பொங்கல் சந்தையில் 24 செ.மீ. விட்டமுள்ள உருண்டைப் பானை வாங்குங்கள். கழுத்து மேலே இருக்கட்டும். 1 செ.மீ. என்பது 1 கி.மீ.; விண்மீனின் நிறை சூரியனைப்போல் 1.4 மடங்கு. உங்களைப் பார்க்கும் வயிற்றுப்புள்ளியில் நூலை ஒட்டி, 19 செ.மீ. தள்ளிச் சுண்ணாம்புக் கோடு சுற்றுங்கள். ஒளி நேராகப் போனால் தெரிவது இவ்வளவே. விண்மீனின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் எல்லை 25.5 செ.மீ.க்கு நகரும், முக்கால் பரப்பு தெரியும்!

விண்மீன் நொடிக்கு 600 சுற்று சுற்றினால் நடுக்கோட்டின் வேகம் ஒளியினுடையதில் 15%. நம்மை நோக்கி வரும் விளிம்பு பளிச்சென்றும் விலகும் விளிம்பு மங்கியும் தெரியும். வேகத்தால் வரும் இந்த மாற்றமே டாப்ளர் விளைவு. அதைக் கணக்கில் விட்டுவிட்டால், விண்மீனில் உள்ள சூடான புள்ளி சுழன்று வரும்போது தெரியும் ஒளித்துடிப்பு சமச்சீராக வரும், அது தப்பு. கொள்ளிடத்துச் சுழி துரும்பை இழுப்பதுபோல் சுழலும் விண்மீனைச் சுற்றியுள்ள விண்வெளியும் இழுபடும். ஆனால் அந்த விளைவு சிறியது. இதையே கணினியில் வரைந்தால் ஒளிக்கதிர்களைக் கண்ணிலிருந்து பின்னோக்கியே விடுங்கள். விண்மீனிலிருந்து விட்டால் பெரும்பாலானவை கண்ணுக்கு வராமல் வீண்.