வெங்காயச் செல்லில் சவ்வைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ரெக்கார்டு நோட்டில் வெங்காயச் செல் படம் வரைந்துகொண்டிருந்தாள். "சுவருக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல இன்னொரு கோடு போடு, அதுதான் செல் சவ்வு" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அந்தக் கோட்டை நீங்க பாத்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள்.

பார்த்ததில்லை. புத்தகத்தில் இருந்தது, நானும் அந்தக் காலத்தில் வரைந்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அவ்வளவுதான். அன்று தொடங்கி அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. முதல் ஞாயிறு முழுத் தோல்வி. எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேண்டியவை

10, 40 மடங்கு பொருளருகு லென்சுகள் உள்ள சாதாரண மாணவர் மைக்ரோஸ்கோப், ஸ்லைடு, கவர் ஸ்லிப், புது பிளேடு, புருவம் எடுக்கும் இடுக்கி, டிஷ்யூ பேப்பர், உப்பு, வெங்காயம். மைக்ரோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது. 140 மடங்கு பெரிதாக்கும்; வெங்காயத்துக்கு அது தாராளம். "1200 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்த பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்க வேண்டாம். அந்த மடங்கில் பெரிய மங்கல்தான் தெரியும்.

தோலை உரிப்பது

வெளியே இருக்கும் காய்ந்த சருகு வேண்டாம். உள்ளே இருக்கும் சதைப்பற்றான ஓர் இதழைப் பிரித்து, அதன் குழிந்த பக்கத்தைப் பாருங்கள். ஒரு முனையில் லேசாக ஒடித்தால், ஈரமான பாலித்தீன் போல ஒரு படலம் தனியாக வரும். அதுதான் வேண்டும். ஒரே அடுக்கு செல்கள். அரை சென்டிமீட்டர் சதுரம் போதும். சுருண்டுகொண்டால் காற்றில் வைத்து மல்லுக்கட்டாமல் தண்ணீரில் போடுங்கள், தானாக விரியும்.

ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதில் தோலைப் பரப்பி, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தொடவைத்துச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். மேலிருந்து தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் தடித்த கறுப்பு வளையத்தோடு, காம்பஸ் வைத்து வரைந்தது போல வட்டமாக எது தெரிந்தாலும் அது குமிழ். வெங்காயச் செல் வட்டமாக இருக்காது. செங்கல் அடுக்கியது போல நீளவாக்கில் இருக்கும்.

முதலில் 10 லென்சில் பாருங்கள். கண்ணருகு லென்சும் 10 என்பதால் மொத்தம் 100 மடங்கு. ஒளி கூடிப்போனால் எதுவும் தெரியாது. மேடைக்குக் கீழே இருக்கும் ஒளித் துவாரத்தைப் பாதிக்கு மேல் மூடுங்கள். சாயம் போடாத செல்லின் ஓரங்கள் அப்போதுதான் துலங்கும். கண்ணாடி வைத்த மாடல் என்றால் நேர் வெயிலைப் பிடிக்க வேண்டாம், கண் போய்விடும். ஜன்னல் வெளிச்சம் போதும்.

ஓர் உபரி வேலை: ஒளிபுகும் பிளாஸ்டிக் ஸ்கேலை மேடையில் வைத்து, தெரியும் வட்டத்தின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். எங்களுடையதில் ஏறக்குறைய 1.8 வந்தது. அதன் குறுக்கே நீளவாக்கில் ஆறு செல்கள். அப்படியென்றால் ஒரு செல் 0.3 மில்லிமீட்டர் நீளம். "செல் கண்ணுக்கே தெரியாதது" என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு நல்ல அதிர்ச்சி.

நான் மாட்டிக்கொண்ட இடம்

இப்போது சுவர் தெரிகிறது. சவ்வு எங்கே? இந்த மைக்ரோஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். ஒளியை வைத்துப் பார்க்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. 40 லென்சைப் போட்டாலும் அதே கதைதான். போதாக்குறைக்கு, சவ்வு சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அதனால் சவ்வைத் தேடுவதை விட்டுவிட்டு, அதைச் சுவரிலிருந்து பிரிக்க வேண்டும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு வைத்தால் நீர் விட்டுக்கொண்டு சுருங்குகிறதே, அதே வேலை. வெளியே உப்பு கூடினால் தண்ணீர் சவ்வின் வழியே வெளியேறும். உள்ளே இருப்பது சுருங்கும். சுவர் விறைப்பானது என்பதால் தன் இடத்திலேயே நிற்கும். பாடத்தில் இதற்குப் பிளாஸ்மாலிசிஸ் என்று பெயர்.

அரை டீஸ்பூன் உப்பை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். எதிர் ஓரத்தில் டிஷ்யூவை வைத்து உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே போகும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். ஒன்றுமே நடக்கவில்லை. உப்பைக் கூட்டினேன், அப்போதும் இல்லை. பொழுது சாய்ந்ததும் மகள் எழுந்து போய்விட்டாள்.

காரணம் மறுநாள் பல் தேய்க்கும்போது உறைத்தது. உட்கரு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று முதலிலேயே அயோடின் போட்டிருந்தேன். அயோடின் செல்லைக் கொன்றுவிடும். செத்த செல்லின் சவ்வு எதையும் தடுத்து நிறுத்தாது. உப்பும் தண்ணீரும் இஷ்டத்துக்குப் போய்வரும். அப்புறம் எங்கே சுருங்குவது? எதை விடுவது எதைத் தடுப்பது என்று பொறுக்குவதுதான் சவ்வின் வேலை. அந்த வேலை உயிருள்ள செல்லில்தான் நடக்கும்.

ராபர்ட் ஹூக் 1665இல் தக்கையைச் சீவிப் பார்த்து, சின்னச் சின்ன அறைகள் போல இருக்கிறதே என்று செல் எனப் பெயர் வைத்தார். அவர் பார்த்ததும் செத்த செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான். சுவரை மட்டும் பார்த்துவிட்டுச் செல்லைப் பார்த்ததாக நினைத்ததில் எனக்கு நல்ல துணை.

சரியான வரிசை

சாயம் போடாத புதுத் தோல். முதலில் தண்ணீரில் பாருங்கள், வரையுங்கள். பிறகு உப்புநீர். சில நிமிடங்களில் செல்லின் மூலைகளில் உள்ளடக்கம் சுவரை விட்டு விலகும். கடைசியில் செவ்வக அறைக்குள் ஒரு பை சுருங்கிக் கிடப்பது போல ஆகும். அந்தப் பையின் ஓரம்தான் சவ்வு இருக்கும் இடம்.

பிறகு அதே முறையில் நல்ல தண்ணீரை உள்ளே விடுங்கள். உப்பில் ரொம்ப நேரம் ஊறவில்லை என்றால் பை மறுபடி உப்பிச் சுவரைத் தொடும். வாடிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்ததும் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். என் மகள் இதை மட்டும் மூன்று முறை செய்யச் சொன்னாள்.

அயோடினை எல்லாம் முடிந்த பிறகு, வேறொரு தோலில் போடுங்கள். தனியாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பெட்டடைன் கரைசல் இருந்தால் கட்டன் டீ நிறத்துக்கு நீர்த்துக்கொள்ளலாம். உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பில் தெரியும், பெரும்பாலும் ஓரமாக. நடுவில் நுண்குமிழ் (வாக்குவோல்) என்ற சாறு நிறைந்த பெரிய பை இடத்தை அடைத்துக்கொண்டு சைட்டோபிளாசத்தையும் உட்கருவையும் சுவரோரம் தள்ளிவிடுகிறது. சில செல்களில் நடுவில் இருப்பது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது மேல்சுவரை ஒட்டியோ அடிச்சுவரை ஒட்டியோ இருக்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம்.

வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சைப் பொட்டான பசுங்கணிகத்தை (குளோரோபிளாஸ்ட்) இதில் தேடாதீர்கள். மண்ணுக்குள் இருட்டில் உணவைச் சேர்த்து வைக்கும் இதழுக்கு அது எதற்கு? மீன் தொட்டிக் கடையில் வேலம்பாசி (ஹைட்ரில்லா) என்ற நீர்ச்செடி கிடைக்கும். அதன் இளம் இலை ஒன்றை அப்படியே தண்ணீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். பச்சைப் பொட்டுகள் தெரியும். கொஞ்ச நேரம் விளக்கொளியில் வைத்தால் சில செல்களில் அவை சுவரோரமாக ஊர்வலம் போகும். மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் இந்தக் கருவியில் தெரியாது. அவற்றைப் புத்தகப் படத்தில் பார்த்து வரையும்போது, "மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்தது" என்று மட்டும் எழுத வேண்டாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்துபார்த்த இருவர், உப்பு விட்டபின் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒளித் துவாரத்தை மூடவில்லை. இன்னொருவருக்கு நான் சொன்ன வழி: நல்ல ஊதா நிறப் பெரிய வெங்காயத்தில் சதை இதழின் புடைத்த பக்கத் தோலை எடுங்கள். உரிப்பது கொஞ்சம் சிரமம், பிளேடால் கீறி எடுக்க வேண்டும். ஆனால் நிறம் நுண்குமிழுக்குள்ளேயே இருப்பதால் சாயமே வேண்டாம். உப்பு பட்டதும் ஊதா சுருங்கி அடர்த்தியாவது அப்பட்டமாகத் தெரியும். கறாராகச் சொன்னால் ஊதாவின் ஓரம் நுண்குமிழின் எல்லை; அதற்கு வெளியே மெல்லிய சைட்டோபிளாசமும் அதன் மேல் செல் சவ்வும் சேர்ந்தே சுருங்குகின்றன.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உப்புநீர் ஸ்லைடை 40 லென்சில் பார்க்கும்போது லென்சு முனை நனைந்துவிடுகிறது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எங்கள் லென்சின் உலோக வளையத்தில் இப்போது ஒரு துருப்புள்ளி இருக்கிறது.