அம்பாசிடர் ஸ்டியரிங் ஆடுதா? எங்கே தேடுவது?

முதலில் டயர் காற்று. பிறகு வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பட்டும். நீங்கள் கீழே பாருங்கள். அம்பாசிடரில் ரேக்–பினியன்: ஸ்டியரிங் முனையில் உள்ள பல்சக்கரம் (பினியன்), பல் வைத்த நீளக் கம்பியை (ரேக்) இடம் வலமாகத் தள்ளும். ரேக்கின் வெளிக்கூடே நகர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் போல்ட் லூஸ். டை ராடு எண்டு (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தேய்ந்திருந்தால் கை வைத்ததுமே தட்டும்.

அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு ஊசியையும் (pin) அதன் புஷ்ஷையும் பாருங்கள்.

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரையில் ஓடிய வண்டியா? ரேக்கின் ரப்பர் உறையை (boot) கட்டாயம் பாருங்கள். கிழிசல் வழியே வயல் சேறு புகுந்து பல்லைத் தின்றுவிடும். நடுவில் மட்டும் ஆட்டம், ஓரத்தில் இறுக்கம் என்றால் அதுதான். நடுவுக்காக இறுக்கினால் திருப்பத்தில் சிக்கும், ரேக்கை மாற்றுங்கள்.