உண்ணிக் காய்ச்சல் மாத்திரை போய்க்கொண்டிருக்கும்போது நாய் சாப்பிட மறுத்தால்

உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானதும் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுப்பார், வழக்கமாக 28 நாளுக்கு. சாப்பாட்டோடு கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாய் தட்டுப் பக்கமே வராது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், வாந்தி எடுக்கும், வாந்தி எடுத்த பிறகு சாப்பாட்டை இன்னும் வெறுக்கும், இப்படியே சுற்றிச் சுற்றி வந்து நாயும் வாடிப்போகும், வீட்டில் இருப்பவர்களும் வாடிப்போவார்கள். இந்தச் சுற்றை உடைக்க வழி இருக்கிறது. முதலில் கெஞ்சுவதையும் ஊட்டுவதையும் நிறுத்திவிட்டு நாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

பசியே இல்லாத நாயும், பசி இருந்தும் குமட்டலால் சாப்பிட முடியாத நாயும் வேறு வேறு. பசி இல்லாத நாய் எழுந்தே வராது. குமட்டல் இருக்கிற நாய் தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து வரும், குனிந்து மோந்து பார்க்கும், உடனே நாக்கால் உதட்டை இரண்டு மூன்று தடவை நக்கும், எதுவும் வாயில் இல்லாமலேயே முழுங்கும், அப்புறம் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். எச்சில் ஒழுகுவது, திடீரென்று புல்லைத் தேடி ஓடுவது, இதெல்லாம் அதே குமட்டல்தான். இதைப் பார்த்துவிட்டு "பிடிவாதம் பண்ணுது", "சிக்கன் கேட்குது" என்று நினைத்துவிடுகிறோம். குமட்டலோடு இருக்கிற நாய்க்கு எத்தனை வகை சமைத்தாலும் பயனில்லை, குமட்டலுக்கு மருந்து வேண்டும். ஆண்டான்செட்ரான், மரோபிட்டன்ட் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, பசியைத் தூண்ட மிர்ட்டாசபின் உண்டு. எல்லாமே எடை பார்த்து டாக்டர் அளவு சொல்ல வேண்டியவை, அதனால் போன் செய்து "உதட்டை நக்குது, எச்சில் ஒழுகுது, மோந்து பார்த்துட்டுப் போயிடுது" என்று கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். வெறுமனே "சாப்பிட மாட்டேங்குது" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

அடுத்தது தயிர் சாதம். நம் வீடுகளில் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் போவது தயிர் சாதம், மாத்திரையையும் அதற்குள்ளேயே அமுக்கிவிடுவோம். டாக்சிசைக்ளினோடு இது கூடாது. பால், தயிர், பன்னீர், சீஸ் எல்லாவற்றிலும் இருக்கிற கால்சியம் அந்த மருந்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய மருந்தின் அளவு குறைந்துவிடும். இரும்புச்சத்து டானிக்கும் அப்படித்தான். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைவதால் அந்த டானிக்கையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள், இரண்டையும் ஒரே வேளையில் ஊற்றிவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். வயிற்றுப் புண்ணுக்குச் சுக்ரால்ஃபேட் சிரப் கொடுத்திருந்தால் அதற்கும் இடைவெளி வேண்டும். எது முதலில், எது பிறகு என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் வீட்டில் யார் கொடுத்தாலும் குழப்பம் வராது.

மாத்திரையை எதில் கொடுப்பது என்றால், என் ஓட்டு இட்லிக்குத்தான். ஆறின இட்லியைப் பிய்த்து விரலால் நசுக்கினால் நன்றாக ஒட்டும், கோலிக்குண்டு அளவுக்கு மூன்று உருண்டை பிடியுங்கள். மாத்திரை இல்லாத இரண்டையும் முதலில் உருட்டி வைத்துவிட்டு, மாத்திரை உருண்டையைக் கடைசியில் பிடியுங்கள். மாத்திரையைத் தொட்ட விரலால் எல்லாவற்றையும் உருட்டினால் மூன்றிலும் அந்த வாசனை ஏறிவிடும், நாயின் மூக்குக்கு அது போதும். கையைக் கழுவிவிட்டு முதல் உருண்டையை வெறுமையாகக் கொடுங்கள், இரண்டாவது மாத்திரை உருண்டை, அதை முழுங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டுங்கள். அடுத்தது கிடைக்கப் போகிறது என்ற அவசரத்தில் கடிக்காமல் விழுங்கிவிடும். இட்லி பிடிக்காத நாய்க்கு வேகவைத்த ஈரல் துண்டு, முட்டை மஞ்சள் கரு, எலும்பு எடுத்த மீன் என்று எதுவும் சரி. பிறகு கொஞ்சம் தண்ணீரோ சிக்கன் வேகவைத்த தண்ணீரோ கண்டிப்பாகக் குடிக்க வையுங்கள், ஏனென்றால் டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். அதே காரணத்துக்காகக் கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தூவாதீர்கள். கூடவே வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை இருந்தால் அதைப் பொடிக்கவே கூடாது, அவ்வளவு கசப்பு. ஒரு தடவை நாக்கில் பட்டுவிட்டால் வாயில் நுரை தள்ளும், அடுத்த வேளை நீங்கள் எதைக் கொண்டுபோனாலும் நம்பாது.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. சாப்பாட்டுத் தட்டில் மருந்தைக் கலக்காதீர்கள். மாத்திரை ஒரு இடத்தில், தட்டு வேறு இடத்தில், முடிந்தால் கொடுக்கிற ஆளும் வேறு. குமட்டிக்கொண்டிருக்கும்போது எந்த உணவைத் திணிக்கிறீர்களோ, உடம்பு தேறின பிறகும் அதை வெறுத்துவிடும், அதனால் அதற்கு மிகவும் பிடித்ததைக் குமட்டல் அடங்கும்வரை எடுத்து வைத்திருங்கள். தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள், கால் மணி நேரத்தில் சாப்பிடவில்லையா, எடுத்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். காய்ந்துபோன சாதம் மூக்குக்கு முன்னால் நாள் முழுக்கக் கிடந்தால் அதைப் பார்த்தே ஒதுங்கும்.

என்ன வைப்பது என்பது எளிது: எலும்பில்லாத சிக்கனைத் தண்ணீரில் வேகவைத்து, பிய்த்து, குழைந்த சாதத்தோடு பிசைந்து வெதுவெதுப்பாக வையுங்கள். சூடு ஏறினால் வாசனை எழும், நாய் வாசனையால்தான் சாப்பிடுகிறது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். சிக்கனில் வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம். அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அது பெரிய ஆபத்து. குழம்பில் இருந்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று ஒரு கணக்குத் தெரிந்தால் பதற்றம் குறையும். எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டினால் படுத்திருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி சுமாராக வரும். 20 கிலோ நாய்க்கு 670. வேகவைத்த சிக்கன் 200 கிராம், சாதம் 200 கிராம், ஒரு முட்டை சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும், அதை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் நாளே முழுசும் போக வேண்டியதில்லை, கால்வாசி போனாலும் நல்ல தொடக்கம். காய்ச்சலே பசியைக் கொல்லும், மருந்து வேலை செய்தால் பல நாய்கள் ஒன்றிரண்டு நாளில் தானாகவே தட்டைத் தேடி வரும்.

சிரிஞ்சில் ஊட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தண்ணீரோ கஞ்சியோ கொடுப்பதானால் நாய் நெஞ்சுப் பகுதியை நிமிர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும், கன்னத்துப் பக்கமாக விட்டுச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் முழுங்கிவிட்டதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். தலையை அண்ணாக்கப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வாந்தி எடுக்கிற நாய்க்கும் சோர்ந்து படுத்துவிட்ட நாய்க்கும் இது வேண்டாம், அவற்றுக்கு டிரிப்ஸ்தான் சரி. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருக்கும், ஈறு சுலபமாக ரத்தம் கசியும், அதனால் வாயை அழுத்தித் திறக்காதீர்கள், எலும்பும் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் அடிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம். டாக்டரே மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து கொடுத்து, அது தொடங்கிய பிறகு சாப்பாடு நின்றிருந்தால், அடுத்த டோஸுக்கு முன்னால் அவரைக் கேளுங்கள்.

வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், குட்டி என்றால் அரை நாளே அதிகம். மாத்திரை கொடுத்ததும் வாந்தியில் வந்துவிட்டால் மறுபடி கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், தார் மாதிரி கறுப்பு மலம், தண்ணீரும் குடிக்காதது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாலைந்து நாளில் வாலை ஆட்டிக்கொண்டு தட்டைக் காலி செய்யும், அப்போதுதான் மாத்திரையை நிறுத்தலாமே என்று தோன்றும். நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை கொடுத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எடுத்துப் பிளேட்லெட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் நாய் படுக்கிற இடத்துச் சுவர் இடுக்குகளையும் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஏறி முட்டையிடும்.