தமிழ் பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குவது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

செய்தி, அரசியல், வரலாறு, பண்பாடு என்று தமிழில் பாட்காஸ்டாக, அதாவது போனில் நினைத்த நேரத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சியாகக் கிடைப்பவை இப்போது ஏராளம். எதைக் கேட்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். நானும் சில பெயர்களைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பட்டியலை விடப் பயன்படுவது ஒன்று உண்டு: புதிதாக ஒரு நிகழ்ச்சி கண்ணில் பட்டால் அது தேறுமா தேறாதா என்று நீங்களே கண்டுபிடிப்பது. மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ இருப்பவர்களுக்கு அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. நான்காவது படியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன் போனில் செய்ய வேண்டிய வேலையை முடித்துவிடுவோம்.

படி 1: ஆப்

பாட்டுக் கேட்க ஏற்கனவே ஸ்பாட்டிஃபை வைத்திருக்கிறீர்களா? அதுவே போதும். காசு கட்டாத கணக்கிலும் பாட்காஸ்ட் எபிசோடுகளை டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஐபோன் என்றால் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போனிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டில் என் ஓட்டு ஆன்டெனாபாடுக்கு. இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், ஆப் தன் பங்குக்கு விளம்பரம் எதையும் நடுவில் நுழைக்காது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-லேயே மூடப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலையாதீர்கள்.

படி 2: தேடுவது

இங்கேதான் புதியவர்கள் பாதிப் பேர் சோர்ந்து போகிறார்கள். நிகழ்ச்சி தமிழில் இருக்கும், பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் எதையும் மூன்று விதமாகத் தேடுங்கள். கீழடி என்று தமிழ் எழுத்தில் ஒருமுறை. ஆங்கில எழுத்தில் ‘ழ’வுக்கு எல் போட்டு ஒருமுறை, இசட் எச் போட்டு ஒருமுறை. மூன்றுக்கும் வெவ்வேறு முடிவுகள் வரும்.

நிகழ்ச்சி கிடைத்ததும் முதல் எபிசோடில் தொடங்க வேண்டாம். கடைசி எபிசோடின் தேதியைப் பாருங்கள். பல தமிழ் பாட்காஸ்ட்கள் ஆரம்ப சூரத்தனத்தோடு நின்றுபோனவை. வரலாறு என்றால் நின்றுபோனதையும் கேட்கலாம், கெட்டுப்போகாது. செய்திக்கு அது உதவாது.

படி 3: எதில் தொடங்கலாம்

அன்றாட அரசியலுக்கு விகடனின் இம்பர்ஃபெக்ட் ஷோ. நையாண்டியும் நக்கலுமாகப் போகும், அதனால் அரசியல் பழக்கமில்லாதவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். நக்கல் வேண்டாம், செய்தி மட்டும் போதும் என்றால் ஆகாஷ்வாணியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மதுரை வானொலி கேட்டே வளர்ந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இது கைப்பழக்கமான குரல். பிபிசி தமிழோசையைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் முடிந்துவிட்டது. உள்ளூர்ச் சரக்கு இல்லை என்றாலும், ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஈழத்தமிழர் குரல்களும் நம்மூர்க் குரல்களும் அங்கே சேர்ந்தே ஒலிக்கும்.

இலக்கியம் என்றால் தீபிகா அருணின் கதை ஓசை. தெளிவான உச்சரிப்பு, அவசரமில்லாத வாசிப்பு.

வரலாற்றுக்கு மட்டும் பாட்காஸ்ட் ஆப்பை விட்டு யூடியூபுக்குப் போகச் சொல்வேன். தமிழில் கனமான வரலாற்றுப் பேச்சு பெரும்பாலும் அரங்க உரைகளாகத்தான் கிடைக்கிறது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை இரண்டும் தங்கள் உரைகளை அங்கே ஏற்றி வைத்திருக்கின்றன. இலக்கியக் கூட்டங்களை ஸ்ருதி டிவி பதிவு செய்து போடுகிறது. மைக் இரையும், பின்வரிசையில் யாராவது இருமுவார்கள். ஆனால் துறையில் பல வருடம் உழைத்தவர் நேரடியாகப் பேசுவதை, பின்னணி இசை போட்டு உருக்கமாகச் சொல்லும் குரலுக்காக விட்டுவிட முடியாது.

படி 4: மதுரைச் சோதனை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். புதிய வரலாற்று நிகழ்ச்சி கிடைத்தால் ரோமாபுரியிலோ மொகலாயரிலோ தொடங்காதீர்கள். மதுரையைப் பற்றி அவர்கள் போட்டிருக்கும் எபிசோடை முதலில் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரில் அவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்தால், தெரியாத ஊரில் அவர் பின்னால் போகலாமா என்று தெரிந்துவிடும். நான் வழக்கமாக வைக்கும் கேள்விகள் இவை.

கீழடி எந்த மாவட்டம்? மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். இது சின்ன விஷயம், தவறினால் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது காலக்கணக்கில் விடும் கதை. கி.மு. 580 என்ற காலம், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிடைத்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அதை வெளியிட்டது. நல்ல நிகழ்ச்சி என்றால் எந்த மாதிரி, எவ்வளவு ஆழம், யார் தோண்டியது என்று சொல்லும். முதலில் தோண்டியது மத்தியத் தொல்லியல் துறை, 2018-இல் நான்காம் கட்டத்திலிருந்துதான் மாநிலத் துறை. முதலில் தோண்டிய மத்தியத் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் கொடுத்த அறிக்கையை, 2025 மே மாதத்தில் திருத்தித் தரச் சொல்லி மத்தியத் துறை திருப்பி அனுப்பியது, அவர் மறுத்தார். துறை என்ன காரணம் சொன்னது, அவர் என்ன பதில் சொன்னார் என்று இரண்டையும் எடுத்து வைக்கிறாரா, அல்லது எடுத்த எடுப்பிலேயே ‘உலகின் முதல் நாகரிகம்’ என்று முழங்குகிறாரா? முழங்கினால் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுங்கள்.

காந்தி மேலாடையைத் துறந்தது 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீட்டில். ஏழை விவசாயியைப் பார்த்தார், அந்த நிமிடமே மனம் மாறினார் என்று சினிமா மாதிரி சொல்வது எளிது. அதற்கு முன் வங்காளத்தின் பாரிசாலிலும், வால்டேரில் (விசாகப்பட்டினம்) கிலாபத் இயக்கத் தலைவர் முகமது அலி கைதானபோதும் அந்த எண்ணம் தனக்கு வந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். இதைத் தேடிப் படித்துவிட்டுப் பேசுகிறவர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃபாலோ செய்யலாம்.

மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைவு, 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். உள்ளே போனவர்களின் பெயர்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். அவர்களில் ஒருவரான கக்கன் பின்னாளில் மாநில அமைச்சர் ஆனவர். அழைத்துப் போனவரை மட்டும் சொல்லி, நுழைந்தவர்களைச் சொல்லாத எபிசோடு எந்தப் பக்கம் நின்று பேசுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பண்பாட்டு நிகழ்ச்சி என்றால் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை கல்யாணத்துக்கு வந்த அழகர், முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்பது கோயில் மரபு. இரண்டையும் தனித்தனியாக வைத்துச் சொல்லத் தெரிந்தவர், வேறு எந்த ஊர்த் திருவிழாவைப் பேசினாலும் நம்பிக் கேட்கலாம்.

படி 5: அரசியலுக்கு வேறு சோதனை

அரசியல் நிகழ்ச்சியில் சார்பு இருக்கத்தான் செய்யும். அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. தேதியும், எது யார் அதிகாரத்தில் நடந்தது என்பதும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். மேலூர் பக்கத்து டங்ஸ்டன் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏலத்தை நடத்தியது மத்திய அரசு, முடிவு வந்தது 2024 நவம்பரில். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த வரிசை தெரிந்தவர் இந்தக் கட்சியைத் திட்டினாலும் கேட்கலாம், அந்தக் கட்சியைத் திட்டினாலும் கேட்கலாம். வரிசையே இல்லாமல் திட்டு மட்டும் வந்தால் அதற்கு டீக்கடை பெஞ்சு போதும், டேட்டா செலவு எதற்கு?

தோப்பூர் எய்ம்ஸையும் இப்படியே சோதிக்கலாம். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று பேசுகிறாரா பாருங்கள்.

படி 6: அடுத்தவருக்குப் பரிந்துரைப்பது

நிகழ்ச்சியைப் பரிந்துரைக்காதீர்கள், எபிசோடைப் பரிந்துரையுங்கள். ‘இந்த பாட்காஸ்ட் சூப்பர்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு கட்டைவிரல் வரும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவருக்குத் தனியாக, அவருக்குச் சம்பந்தப்பட்டதாக, நிமிடத்தோடு அனுப்புங்கள். இந்த மாதிரி:

“மாமா, கீழடியில நீங்க பார்த்துட்டு வந்த உறைகிணறு பத்தி இதுல பேசுறாங்க. முதல் பத்து நிமிஷம் அறிமுகம்தான், தள்ளி விட்டுட்டுக் கேளுங்க.”

இப்படிப் போட்டால் கேட்பார்கள், சண்டைக்கும் வருவார்கள். சண்டைக்கு வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு ஆப்பைப் போட்டுக் கொடுக்கும்போது வேகத்தை ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்றரை மடங்கு வேகம் நமக்குச் சரி, அவர்களுக்கு அது எரிச்சல்.

படி 7: போன் நிரம்பாமல் பார்ப்பது

வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்துகொண்டு கிளம்புங்கள். மேலூர் பஸ்ஸில் சிக்னல் வந்து வந்து போனாலும் பேச்சு நடுவில் நிற்காது. செட்டிங்ஸில் ‘வைஃபையில் மட்டும் டவுன்லோடு’ என்பதை ஆன் செய்யுங்கள். கேட்டு முடித்த எபிசோடைத் தானாக அழிக்கும் வசதி ஆன்டெனாபாடில் இருக்கிறது, அதையும் ஆன் செய்துவிடுங்கள். யூடியூப் உரைகளுக்கு இது பொருந்தாது; ப்ரீமியம் இல்லாமல் திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடும். அவற்றை ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.