கியர் பேட்டர்னைத் தலைகீழாக்க இன்ஜினைத் திறக்க வேண்டாம்

பைக்கில் வழக்கமான கியர் பேட்டர்ன்: முதல் கியர் கீழே, மற்றவை மேலே. இதை ஒன்று மேலே, மற்றவை கீழே என்று மாற்றுவதுதான் ரேஸ் பேட்டர்ன். இடப்பக்கம் சாய்ந்து வளையும்போது லீவருக்கு அடியில் கால்விரல் நுழைய இடமிருக்காது; மிதித்தால் கியர் ஏறுவது அங்கே வசதி.

கியர் வரிசை இன்ஜினுக்குள், கியர்களை நகர்த்தும் உருளையான ஷிஃப்ட் டிரம்மின் பள்ளங்களில் இருக்கிறது. நாம் மாற்றுவது லீவர் மாட்ட வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்ட் சுழலும் திசையை மட்டும். அதனால் யமஹா ஆர்எக்ஸ் 100-இல் நியூட்ரல் அதே ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். நான்கு கியரும் கீழே விழும் ஸ்ப்ளெண்டரில் செய்தால் நான்கும் மேலே போகும், அவ்வளவுதான்.

ரியர்செட் (கால்மிதியையும் பெடலையும் பின்னுக்குத் தள்ளும் செட்) போட்ட வண்டியில் இரண்டு கைகள், அதாவது சிறு நெம்புகோல்கள், உண்டு: ஒன்று பெடலோடு, ஒன்று ஷாஃப்டில். இரண்டையும் இணைக்க நடுவில் ராடு. பெடல் அதன் பிவட்டுக்கு (சுழலும் மையத்துக்கு) முன்னால் இருந்தால், இரண்டு கையும் ஒரே பக்கம் (இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே) பார்க்கும்போது பழைய பேட்டர்ன். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் தலைகீழ்.

ஷாஃப்ட் கையின் போல்ட் பெரும்பாலும் எம்6; பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். தளர்த்தினால் மட்டும் கை வராது. போல்ட் ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் முழுதாக உருவ வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் ஆயில் சீலும் ஸ்ப்ளைனும் (ஷாஃப்டைச் சுற்றியுள்ள பல்வரிசை) கெடும். கையைத் திருப்பி மாட்டியபின் ராடு இரு கைகளோடும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோணம் மிகச் சாய்ந்தால் ஒரு பக்கம் கியர் சுளுவாக விழும், மறுபக்கம் பாதியில் நிற்கும். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள். மிச்சத்தை ராடின் நீளத்தில் சரிசெய்யலாம். ராடின் ஒரு முனை இடப்புரி, மறுமுனை வலப்புரி; ராடைச் சுற்றினால் நீளம் மாறும். ராடு முனையில் இருக்கும் பந்து மூட்டான ரோஸ் ஜாயின்ட் குறைந்தது 8 மி.மீ. உள்ளே ஏறியிருக்க வேண்டும்; லாக் நட்டை மறக்காதீர்கள்.

ஷாஃப்ட் கை ராடுக்கு எட்டாவிட்டால் ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய இரும்பு லீவரின் ஸ்ப்ளைன் பகுதியை மட்டும் வெட்டி, அதில் புதுக் கையை வெல்டு செய்யச் சொல்லுங்கள். ஷாஃப்டில் இருக்கும்போதே வெல்டு வைத்தால் சீல் கருகி ஆயில் ஒழுகும். ஷாஃப்ட் கையை நீளமாக்கினால் மிதி லேசாகும், ஆனால் பாதம் அதிக தூரம் போக வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஆஃப், பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் போட்டு எடுங்கள். ராடு செயினிலோ ஃபிரேமிலோ உரசக் கூடாது. பிறகு காலி மைதானத்தில் இரண்டு நாளாவது ஓட்டுங்கள். தொப்பூர் கணவாய் போன்ற மலைச்சாலைப் பக்கம் அப்போது போகவே வேண்டாம். வேகத்தில் கியர் ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வீட்டில் சாதா பேட்டர்ன் வண்டி இன்னொன்று இருந்தால் இந்த மாற்றமே வேண்டாம் என்போம். மாற்றியவர்கள் டேங்க் மேல் புதுப் பேட்டர்னை ஸ்டிக்கராக ஒட்டிவையுங்கள், மெக்கானிக் டிரையல் எடுக்கும்போது தேவைப்படும்.